ஹைலைட்டரா, வெள்ளைத்தாளா?

மூன்றாம் செமஸ்டரில் தெர்மோடைனமிக்ஸ் அரியர் விழும்வரை நான் ஹைலைட்டர் கட்சி. ஜெராக்ஸ் நோட்ஸை மூன்று தடவை படிப்பேன். பக்கத்தில் பாதி மஞ்சளாகிவிடும். எதிர்க்கட்சி என் ரூம்மேட். ஒரு தடவை படிப்பான், நோட்டை மூடுவான், வெள்ளைத்தாளில் எழுதிப் பார்த்துத் தலையைச் சொறிவான். பார்க்கப் பாவமாக இருக்கும்.

திரும்பத் திரும்பப் படிப்பதில் ஒரு சுகம் உண்டு. கண்ணுக்குப் பழகிய வரி எல்லாம் தெரிந்த வரி போலவே இருக்கும். வெப்ப எஞ்சின் ஒன்றின் லட்சியச் சுழற்சியைக் காட்டும் கார்னோ சைக்கிள் படத்தை அப்படி எத்தனையோ தடவை பார்த்திருந்தேன். ஹாலில் அதுவே 13 மார்க் கேள்வியாக வந்தது. நான்கு வளைவு என்பது ஞாபகம் இருந்தது. எது ஐசோதெர்மல் (வெப்பநிலை மாறாதது), எது அடியபேட்டிக் (வெப்பம் உள்ளே வராமல் வெளியே போகாமல் நடப்பது) என்பது மட்டும் வரவில்லை. அரியருக்காக நோட்டை மூடி வரைந்து, தப்பாகி, திறந்து பார்த்தபோதுதான் அடியபேட்டிக் கோடு இன்னும் செங்குத்தாக இறங்குவதே கண்ணில் பட்டது.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2006-ல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் ஒரு குழு உரைநடைப் பகுதி ஒன்றை நான்கு சுற்று படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று படித்துவிட்டு மூன்று சுற்று பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் படித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்தோ படித்தவர்களுக்கு 40, எழுதியவர்களுக்கு 61 என்று தலைகீழ். ஹால் வாசலில் நின்று புரட்டும் கடைசிப் பக்கத்துக்கு வாசிப்பே மேல் என்றும் இதை எடுத்துக்கொள்ளலாம்!

வெள்ளைத்தாளிலும் வில்லங்கம் இருக்கிறது. புரியாத பாடத்தை மூடி வைத்து எழுத உட்கார்ந்தால் தாள் வெள்ளையாகவே இருக்கும். முதல் நாள் அரைப்பக்கம்கூட வராது, மனசு விட்டுப்போகும். அதனால் முதல் வாசிப்பை நிதானமாகச் செய்தே ஆக வேண்டும். எழுதிப் பார்ப்பதையும் ஒரே ராத்திரியில் மூன்று மணி நேரம் என்று வைக்காமல், மூன்று நாளில் ஒவ்வொரு மணி நேரமாகப் பிரித்தால் கூடுதலாக நிற்கிறது.

குரூப் ஸ்டடி? நான்கு பேர் சேர்ந்தால் டீக்கடையில்தான் முடியும். இரண்டு பேர் மாறி மாறி டூ மார்க் கேட்டுக்கொள்வது வேறு. அதுவும் வெள்ளைத்தாள் வேலைதான், வாயால் செய்கிறோம்.

ஹைலைட்டரை நான் தூக்கிப் போடவில்லை. எழுதும்போது மாட்டிக்கொண்ட இடத்துக்கு மட்டும் பூசினேன். அரியர் எழுதப் போன அன்று இரண்டாம் யூனிட் முழுக்க ஆறே வரிதான் மஞ்சள்.