விண்டோஸ் ரீகால்: கணக்கு எழுதுபவரின் மடிக்கணினிக்கு ஏற்றதா?

மதுரையில் வருமான வரி, ஜிஎஸ்டி கணக்குகளைத் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். கீழமாசி வீதி மொத்த வியாபாரிகள் சிலரின் வங்கிக் கணக்கு விவரமும் பான் எண்ணும் நாள்தோறும் என் திரையில் வந்துபோகும். சென்ற மாதம், செயற்கை நுண்ணறிவு வேலைகளுக்கென்றே தனிச் சில்லு உள்ள ‘கோபைலட் பிளஸ்’ வகை மடிக்கணினி ஒன்றை வாங்கியபின், அதிலுள்ள ரீகால் வசதியைப் பத்து நாள் இயக்கிப் பார்த்தேன்.

திரையைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை படம் பிடித்து, அதிலுள்ள எழுத்துகளைப் படித்து வைத்துக்கொண்டு, நாம் கேட்கும்போது தேடித் தருவதே இதன் வேலை. எந்தக் கோப்பில் பார்த்தோம் என்று மறந்துபோன எண்ணெய் மில் பில்லை இரண்டு ஆங்கிலச் சொற்களில் எடுத்துக் கொடுத்தது. அந்த வகையில் குறையில்லை.

2024 மே மாதம் இது அறிவிக்கப்பட்டபோது, படித்தெடுத்த எழுத்துகள் மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றிவைத்தல்) செய்யப்படாத தரவுத்தளத்தில் கிடந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். வெளியீட்டைத் தள்ளிவைத்த மைக்ரோசாப்ட், நாம் சம்மதித்தால் மட்டுமே இயங்கும்படியும், படங்கள் மறையாக்கத்துடன் கணினியிலேயே இருக்கும்படியும் மாற்றி, 2025 ஏப்ரலில் பொதுப் பயன்பாட்டுக்குக் கொடுத்தது. 2017-இல் சில எச்பி மடிக்கணினிகளில் ஒலியை இயக்கும் மென்பொருள், தட்டிய விசைகளையெல்லாம் யாருக்கும் தெரியாமல் ஒரு கோப்பில் எழுதிவந்தது கண்டறியப்பட்டதே, அதைப்போல ஒளிந்திருந்து செய்யும் வேலையல்ல இது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என் தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. ரீகாலைத் தொடங்க முகமோ கைரேகையோ வேண்டும் என்றாலும், அதற்குப் பிறகு கணினியின் ரகசிய எண்ணைக் (PIN) கொண்டும் திறக்க வழியுண்டு. எங்கள் வீட்டில் அந்த எண் என் மனைவிக்கும் தெரியும், தேர்வு முடிவு பார்க்க வரும் அக்கா மகனுக்கும் தெரியும். முன்பு அந்த எண்ணால் கிடைத்தவை நான் சேமித்த கோப்புகள் மட்டுமே. இப்போது நான் ஒரு நிமிடம் பார்த்து மூடியதும் சேர்ந்து கிடைக்கும்.

தமிழுக்கு இன்னொரு சிக்கல். ஆங்கிலம், சீனம், ஜப்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் ஆகிய மொழிகளுக்கென்றே இதன் தேடல் செம்மைப்படுத்தப்பட்டிருக்கிறது. படம் பிடிப்பதற்கோ மொழி தடையில்லை. ஆக, தமிழில் வந்த கடிதத்தை நான் தேடியெடுப்பது உறுதியில்லை; ஆனால் படங்களைப் புரட்டுபவர் கண்ணுக்கு அது தப்பாது.

கடவுச்சொல்லையும் அட்டை எண்ணையும் விலக்கும் வடிகட்டி இயல்பாகவே இயங்குகிறது. குறிப்பிட்ட செயலிகளையும் தளங்களையும் நாமே விலக்கலாம். ஆனால் தானாக அழியும்படி ஒரு வியாபாரி அனுப்பும் செய்தி என் கணினியில் படமாகத் தங்கினால், சம்மதம் தந்தவன் நான்தானே, அவரல்லவே! செய்தி அனுப்பும் சிக்னல் செயலி 2025 மே மாதத்திலேயே விண்டோஸில் தன் திரையைப் படம்பிடிக்க முடியாதபடி தடுத்துவிட்டதன் காரணமும் இதை ஒட்டியதே.

ஒருவர் மட்டுமே தொடும் கணினி, பிறர் விவரம் வராத வேலை என்றால் வைத்துக்கொள்ளலாம். நான் படங்களையெல்லாம் அழித்துவிட்டு, விண்டோஸ் வசதிகளின் பட்டியலிலிருந்தே ரீகாலை நீக்கிவிட்டேன். என்னுடைய 256 ஜிபி வட்டில் அதற்கென ஒதுங்கியிருந்த 25 ஜிபி இடமும் திரும்பக் கிடைத்தது.