ஐந்து சட்டத் தேனீப் பிடிபெட்டி: பெட்டியை வாங்கலாம், கூட வரும் குப்பி வேண்டாம்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் தேனீ வளர்க்க நினைப்பவர்கள் காசு கொடுத்துக் கூட்டம் வாங்க வேண்டியதில்லை. ஆடிக் கூழ் முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் காட்டுக் கூட்டங்கள் பிரிந்து இடம் தேடி அலையும். அந்த நேரத்தில் சரியான பெட்டி ஒன்று மரத்தடியில் இருந்தால் போதும். டர்பனுக்குப் பக்கத்து வெருலத்தில் மாமா வீட்டு லிச்சி மரத்துக்குக் கீழே நான் வைத்திருப்பது பைன் பலகையில் செய்த ஐந்து சட்டப் பெட்டி, அதாவது தேனீக்கள் அடை கட்ட ஐந்து மரச்சட்டங்கள் உள்ளே தொங்கும் பெட்டி. நான் வாங்கிய கடையிலேயே மெழுகு பூசிய அட்டைப் பெட்டியும் கிடைக்கிறது, விலையும் குறைவு, ஆனால் நம் கரையோர மழைக்கும் ஈரத்துக்கும் பலகைதான் தாங்கும்.

பெட்டி சின்னதாக இருக்கிறதே என்று பலர் தயங்குவார்கள். அமெரிக்கக் காணொளிகளில் 40 லிட்டர் கொள்ளளவு வேண்டும் என்பார்கள், அது அங்குள்ள ஐரோப்பியத் தேனீக்களை வைத்துச் சொன்ன கணக்கு. நம் ஊர் ஆப்பிரிக்கத் தேனீயான ஸ்குட்டெல்லாட்டா இதில் பாதி இடத்திலும் தயங்காமல் குடியேறும். எனக்கு மிகவும் பிடித்தது வாசலில் இருக்கும் வட்டத் தகடு: ஒரு பக்கம் திருப்பினால் முழு வாசல், இன்னொரு பக்கம் காற்று மட்டும் போகும் துளைகள், இரவில் பெட்டியைத் தூக்கும்போது இது பெரிய உதவி. பலகை இணைப்புகளில் வெளிச்சம் எட்டிப் பார்க்கவில்லை, நன்றாகச் செய்திருக்கிறார்கள்.

குறை மூடியில். அதைப் பிடித்து நிறுத்த ஒரு கொக்கிகூட இல்லை. சாதுவான தேனீ என்றால் பரவாயில்லை, ஸ்குட்டெல்லாட்டா உள்ளே இருக்கும்போது மூடி விரலளவு நகர்ந்தாலே தூக்குகிறவர் கதி அவ்வளவுதான். லாரியில் சாமான் கட்டும் பட்டை ஒன்றை வாங்கிக் குறுக்கே இறுக்கிக் கட்டுங்கள், அது இல்லாமல் தூக்கவே வேண்டாம்.

அப்புறம், பெட்டியோடு தலையில் கட்டும் அந்த ஈர்ப்புக் குப்பி, தேனீக்களை இழுக்கும் வாசனை எண்ணெய் என்று விற்பது. முகர்ந்தாலே தெரியும், எலுமிச்சைப் புல் எண்ணெய்தான். அது வேலை செய்யாது என்று சொல்லவில்லை. வேலைக்காரத் தேனீக்கள் தங்கள் கூட்டத்தாரைக் கூப்பிட வெளிவிடும் வாசனையில் இருக்கும் சிட்ரால் என்ற பொருள் அதிலும் இருக்கிறது. ஆனால் அதே எண்ணெய் சாதாரணக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும்போது இந்த விலை அநியாயம். இரண்டு மூன்று சொட்டு பஞ்சில் விட்டு உள்ளே வைத்து, உட்சுவரில் தேன்மெழுகை உருக்கித் தேய்த்துவிட்டால் வேவு பார்க்க வரும் தேனீக்களுக்கு அதுவே போதும்.

அதைவிட என்னைக் கோபப்படுத்தியது, உள்ளே இலவசமாக வைத்திருந்த பழைய அடைத் துண்டு. பழைய அடைக்குத் தேனீ மயங்கும், உண்மைதான். ஆனால் எந்தக் கூட்டிலிருந்து வந்தது என்று தெரியாத அடையை எப்படிக் கொடுக்கலாம்? தேனீப் புழுக்களைக் கொல்லும் அமெரிக்கன் ஃபவுல்புரூட் என்ற பாக்டீரியா நோயின் வித்துகள் அடையில் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும், அந்த நோய் 2009இல் மேற்கு கேப்பில் வெளிப்பட்டு எவ்வளவு பாடுபடுத்தியது! உங்கள் சொந்தக் கூட்டின் அடை இருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் மெழுகு மட்டும் போதும்.

கூட்டம் உள்ளே போனதைப் பார்த்ததும் திறக்கத் தோன்றும். திறக்காதீர்கள். நம் தேனீக்கு ஓடிப்போவது சுலபம், புழுக்கள் வந்த பிறகுதான் கூட்டைவிட்டுப் போகத் தயங்கும். கால்களில் மகரந்தத்தோடு தேனீக்கள் தொடர்ந்து உள்ளே போகின்றனவா என்று வெளியிலிருந்து கவனியுங்கள், ராணி முட்டையிடுவதற்கு அது நல்ல அறிகுறி. பெட்டியை இடம் மாற்றுவது இருட்டிய பிறகுதான்.

கேப் டவுனில் இருக்கும் சொந்தக்காரர்கள் அங்கே பிடித்த கூட்டத்தை அனுப்புகிறேன் என்று சொன்னாலும் வேண்டவே வேண்டாம். கேப் தேனீயில் வேலைக்காரிகளே ஆண் துணையில்லாமல் பெண் தேனீ பிறக்கும் முட்டையிடும், அடுத்த கூட்டுக்குள் புகுந்தும் இப்படியே பெருகும். 1990ஐ ஒட்டி அவற்றை வடக்கே கொண்டுபோனதில் ஆயிரக்கணக்கான ஸ்குட்டெல்லாட்டா கூடுகள் அழிந்தன, இரண்டு தேனீக்களின் பகுதிகளைப் பிரிக்கும் எல்லையைத் தாண்டிக் கொண்டுபோக இப்போது தடையும் இருக்கிறது. வேளாண்மைத் துறையில் தேனீ வளர்ப்பவராகப் பதிவு செய்வதும் கட்டாயம், பெட்டியை வைக்கும் முன்பே அதை முடித்துவிடுங்கள்.

கடையில் கேட்டால் குப்பியும் அடையும் இல்லாமல் பெட்டியைத் தனியாகத் தருகிறார்கள், விலையும் குறையும். விலைப்பட்டியலில் அது இல்லை, வாய்விட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.