குனூகேஷும் எங்கள் வீட்டுச் சீட்டுக்காசும்

குனூகேஷ் (GnuCash) என்ற கணக்குவைப்பு மென்பொருள் எனக்குப் பிடித்துப்போனதற்குப் பெரிய காரணம் சீட்டு. இலவசம், ஒவ்வொரு தொகையையும் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இரண்டு கணக்கிலும் பதியும் இரட்டைப் பதிவு முறை, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும் என்பதெல்லாம் தெரிந்த விஷயங்கள்தான். ஆனால் மாதம் 10,000 ரூபாய் வீதம் 12 பேர் போடும் ஒரு சீட்டை இவ்வளவு நேர்மையாகக் காட்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முன்பு பாவித்த கைபேசிச் செயலியில் வரவு, செலவு என்று இரண்டே பெட்டிகள். சீட்டுக்குக் கட்டுவது செலவாக ஏறும். சீட்டு விழும் மாதம் 120,000 வருமானமாக வந்து நிற்கும். இரண்டுமே பொய். குனூகேஷில் 'சீட்டு' என்று ஒரு சொத்துக் கணக்கைத் திறந்தால், கட்டும் காசு வங்கிக் கணக்கிலிருந்து அதற்கு நகரும், அவ்வளவுதான். ஐந்தாம் மாதம் நமக்கு விழுந்தது என்று வையுங்கள். கட்டியது 50,000, எடுத்தது 120,000. அந்தக் கணக்கில் 70,000 கழித்தலில், சிவப்பாக நிற்கும். மிச்ச ஏழு மாதமும் நாம் கட்டவேண்டியது சரியாக அதே தொகை. கையில் காசு புழங்கும் அந்த மாதத்தில்தான் இந்த எண் கண்ணில் படவேண்டும்! நகை அடகும் இப்படித்தான்: வாங்கிய காசு கடனில் நிற்கும், வட்டி மட்டும் செலவாகும்.

தொடங்குவது கடினமில்லை. புதுக் கோப்பு திறக்கும்போது நாணயத்தை இலங்கை ரூபாயாக மாற்றுங்கள். அது தரும் ஆயத்தக் கணக்குப் பட்டியலில் மெடிகேர், ஃபெடரல் வரி என்று அமெரிக்க வீட்டுச் செலவுகள் கிடக்கும், அழித்துவிடுங்கள். சாப்பாடு, வாடகை, மின்சாரம், காஸ், ஓட்டோ, டியூஷன் என்று சில கணக்குகள் போதும். கோப்பை எஸ்கியூலைட் (SQLite) என்ற தரவுத்தள வடிவில் சேமித்தால் ஒவ்வொரு பதிவும் உடனே பதிந்துவிடும். எங்கே போனது என்று சொல்லாமல் விட்ட தொகை 'இம்பேலன்ஸ்' என்ற கணக்கில் போய் விழும். மாதக் கடைசியில் அதைப் பூச்சியமாக்கப் பாருங்கள், காசு எங்கே கசிகிறது என்பது அங்கேதான் பிடிபடும்.

சரி, என் கோபத்துக்கு வருகிறேன். அது மென்பொருள் மேல் இல்லை, என் வங்கி மேல். வங்கிக் கணக்கு விவரத்தைத் தரும் கோப்பு வடிவங்களான சிஎஸ்வி, ஓஎஃப்எக்ஸ், கியூஐஎஃப் மூன்றையும் குனூகேஷ் அப்படியே உள்ளே எடுக்கும். வங்கி அனுப்புவதோ கடவுச்சொல் போட்ட பிடிஎஃப். கிளையில் கேட்டேன், தனிநபர் கணக்குக்கு வேறு வடிவம் இல்லையாம். அதனால் மாதாமாதம் ஒவ்வொரு வரியாக நானே தட்டச்சுச் செய்கிறேன். 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்துக்குப் போனது. பாணுக்கும் பால்மாவுக்கும் சதம் சதமாகக் கணக்குப் பார்த்த ஊர் இது. என் காசு போய்வந்த விவரத்தை நான் கையாளக்கூடிய வடிவில் தர இவர்களுக்கு என்ன தடை? ஒவ்வொரு மாதமும் இதே கேள்வி, இதே எரிச்சல்.

வெள்ளவத்தையில் புதுக்குடித்தனம் போயிருக்கும் சித்தியின் மகள் போன கிழமை கேட்டாள்: "அக்கா, நானும் இதைப் போடவா?" இவ்வளவு புகழ்ந்த பிறகும், வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவளுடைய வங்கியும் பிடிஎஃப் மட்டும்தான் தருகிறது. இரண்டு சம்பளம், ஒரு வாடகை, கடன் ஒன்றும் இல்லை. அவளுக்கு ஒரு கொப்பி போதும். என்றைக்காவது சீட்டில் சேர்ந்தால் முதல் தவணை கட்டுமுன் எனக்கு அழைக்கச் சொல்லியிருக்கிறேன்.