வட்ஸ்அப்பில் ஆய்வுக் குழு: ஆறு வருசப் பாவனைக்குப் பிறகு

2020 கொரோனா முடக்கத்தில், யாழ்ப்பாணத்தில் நாலைந்து பேர் தொடங்கிய தமிழ் இலக்கியக் குழு எங்களுடையது. இளைப்பாறிய ஆசிரியர்கள், கம்பஸ் பிள்ளைகள், சென்னையிலும் ரொறன்ரோவிலும் இருந்து சிலர் என்று இப்போது பெருத்துவிட்டது. வட்ஸ்அப் இதற்குச் சரிவருமா என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சரிவரும். ஆனால் பதில் எழுதும்போது உரிய செய்தியை வலப்பக்கம் இழுத்து, அதோடு கோர்த்து எழுதப் பழக வேண்டும். இதைச் செய்யாமல் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஒருநாள் இரவு ஒருவர், கலித்தொகையை முதலில் அச்சேற்றியவர் உ.வே.சா. என்று எழுதினார். அச்சேற்றியவர் எங்கள் சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை, 1887இல். அதே வருசம்தான் உ.வே.சா.வின் சீவகசிந்தாமணிப் பதிப்பும் வந்தது. குழப்பத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். நான் ‘அது பிழை’ என்று இரண்டே சொல்லைத் தட்டினேன். அதற்குள் எங்கள் மாஸ்ரர் சரியான விபரத்தைப் போட்டிருந்தார். என் ‘பிழை’ அவருடைய செய்திக்குக் கீழே போய் விழுந்தது.

பதறிப்போய் அழித்தேன். அது இன்னும் மோசம். அழித்த தடம் அங்கேயே நிற்கும் அல்லவா? பார்க்காதவர்கள் நான் ஏதோ தூஷணம் எழுதியதாக நினைத்துவிட்டார்கள். மாஸ்ரர் சத்தமில்லாமல் குழுவைவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாள் சைக்கிளில் கொக்குவிலில் உள்ள மாஸ்ரர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி வந்தது, கதை வரவில்லை. கடைசியில் சொன்னார்: “தம்பி, பிழையெண்டு சொல்லுறது பிழையில்லை. எது பிழையெண்டும் சொல்லோணும்.”

2023இலிருந்து, வட்ஸ்அப்பில் செய்தியை அனுப்பி 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். எழுத்துப்பிழைக்கு உதவும், அவசரப் புத்திக்கு அல்ல. ஆதாரம் கேட்பதிலும் கவனம் தேவை. ‘ஆதாரம்?’ என்று மொட்டையாகக் கேட்டால் சண்டை. ‘எந்தப் பதிப்பில் பார்த்தீர்கள் ஐயா?’ என்றால் ‘நூலகம்’ என்ற மின்னூல் தளத்து இணைப்பே வந்துவிடும். சொல்லாலும் இடறுவோம்: “நாளைக்குக் கதைப்பம்” (பேசுவோம்) என்று நான் எழுத, சென்னை நண்பர் “கதை விடுறீங்களா?” என்று கேட்டார். அது பகிடியா கோபமா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

மாஸ்ரர் ஒரு மாதத்தில் திரும்பி வந்தார். இப்போது எதையும் கோர்த்துத்தான் பதில் போடுகிறார், காலை வணக்கப் பூப்படத்துக்குக்கூட.