வான் கண்ணாடிக்குக் கறுப்பு பில்ம் ஒட்டப் போகிறவர்கள் கவனம்

போன மாதம் என் டொல்பின் வானுக்கு பில்ம் ஒட்டப் போய் 37,000 ரூபாவை விட்டேன். ஹட்டன் பக்கம்தான், கடைப் பெயர் வேண்டாம்.

கட்டுநாயக்க ஹயருக்குப் போகும்போது வெயில் தாங்கவில்லை என்று கேட்டேன். "முன்னுக்கும் பின்னுக்கும் எழுபது வீதம், பக்கத்துக்கு ஐம்பது வீதம் வெளிச்சம் உள்ளே போனால் சட்டப்படி சரி அண்ணே" என்று போனில் வீடியோ காட்டினார் கடைத் தம்பி. அப்புறம் இன்னொரு 5,000 தந்தால் ஒரு எம்.பி. ஒபிசில் கடிதம் எடுத்துத் தருவாராம், அதை முன்னால் வைத்தால் பொலிஸ் கைகாட்டாதாம். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடியும், நானும் கொடுத்தேன்.

நானுஓயாவில் பின்னேரம் பனி இறங்கியதும் சைட் மிரர் தெரியவில்லை. மழையில் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டித்தான் ஓட்டினேன், பின்னால் இருந்த அக்கா நனைந்து திட்டினார். தலவாக்கலையில் மறித்த பொலிஸ்காரர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதில் வாகன நம்பர் எங்கே?" என்றார். நம்பரும் இல்லை, திகதியும் இல்லை, அரைகுறையாக ஒரு சீல். பில்மைக் கிழித்துவிட்டு வந்து காட்டச் சொன்னார்.

கிழித்தபோது பின் கண்ணாடியில் இருந்த ஹீட்டர் கோடுகளும் பில்மோடு உரிந்து வந்துவிட்டன. இப்போது பனி பிடித்தால் பின்னால் ஒன்றும் தெரியாது.

பிறகுதான் தேடிப் பார்த்தேன். அந்த 70, 50 கணக்கு இந்தியாவின் 1989 மோட்டார் வாகன விதி, நம் இலங்கைச் சட்டமே இல்லை! அங்கேயும் 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அந்த வீதம் கண்ணாடி தயாரிக்கும்போதே இருக்க வேண்டியது, மேலே எந்த பில்மும் ஒட்டக் கூடாது என்று சொல்லிவிட்டது. 2024இல் கேரள உயர் நீதிமன்றம் வேறு விதமாகச் சொன்னது, அது அவர்கள் பாடு. பெரிய ஆட்கள் என்றாலும், இசட், இசட் பிளஸ் என்ற உயர் பாதுகாப்பில் இருக்கிறவர்களின் வாகனங்களுக்கு மட்டும், அதுவும் குழு ஒன்று பார்த்துத்தான் விலக்குத் தரலாம் என்றது அந்த 2012 தீர்ப்பு. அங்கே எம்.பி.க்கே சும்மா கிடைக்காத விலக்கு, இங்கே ஒரு எம்.பி. ஒபிஸ் கடிதத்தில் ஹயர் வானுக்குக் கிடைக்குமா? இதை முதலே யோசித்திருக்கலாம்.

ஒட்டுவதற்கு முன்னால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள், பில்லில் பில்மின் வீதத்தை எழுதி வாங்குங்கள். நான் கடைக்குத் திரும்பிப் போனபோது, "கிழித்தது நீங்கள்தானே அண்ணே" என்றார் அந்தத் தம்பி. என் பில்லில் "கண்ணாடி வேலை 32,000" என்று மட்டும்தான் இருக்கிறது, கடிதத்துக்குக் கொடுத்த 5,000 அதில் இல்லவே இல்லை.