‘7 நாள் இலவசம்’ என்ற வினாத்தாள் தளத்தில் போன 7,788 ரூபாய்: ஆசிரியர்கள் கவனத்துக்கு

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன்: 7,788 ரூபாய். கணக்கிலிருந்து எடுத்து இன்றோடு ஆறு நாள். இதுவரை ஒரு பைசா திரும்பவில்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது. அதே விளம்பரம் இன்று காலையும் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தது. அதைப் பார்த்த பிறகு பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

தளத்தின் பெயரைப் போடவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. எந்த வகை என்று மட்டும் சொல்கிறேன். பாடப்புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்து ஏற்றினால் பயிற்சித்தாள், வினாத்தாள், விடைக்குறிப்பு மூன்றையும் செயற்கை நுண்ணறிவு செய்து தரும் என்கிற இணையக் கருவி. தமிழ்வழிக்கும் உண்டு என்றது விளம்பரம். தொடக்கப்பள்ளிகளில் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்புக்கு, அரும்பு, மொட்டு, மலர் என மாணவரின் மூன்று கற்றல் நிலைக்கும் தனித்தனித் தாள் ஒரே சொடுக்கில் வரும் என்றது. ஒரே பாடத்துக்கு மூன்று நிலையில் தாள் தயாரிக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்று தொடக்கப்பள்ளியில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த வலியைத் தெரிந்துகொண்டுதான் வலை விரித்திருக்கிறார்கள்.

நம்ப வைத்தது முன்னோட்டம். பக்கத்தை ஏற்றிய அரை நிமிடத்தில் திரையில் தாள் வந்தது. எழுத்து பிசகவில்லை. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, துணைக்கால் எல்லாம் அதனதன் இடத்தில் நின்றன. ‘மு’, ‘நூ’, ‘று’ ஒட்டி, அழகாக இருந்தன. தமிழில் ஒழுங்காக வேலை செய்யும் கருவி கிடைப்பது அரிது என்பதால், இவ்வளவு சரியாகச் செய்திருப்பவர்கள் மற்றதையும் சரியாகத்தான் செய்திருப்பார்கள் என்று தோன்றிவிட்டது. 7,788 ரூபாய் போனது அந்த ஒரு நொடியில்தான்.

அந்த முன்னோட்டம் ஏன் சரியாக இருந்தது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள், இது இந்த மாதிரிப் பல தளங்களுக்கும் பொருந்தும். திரையில் தெரியும் தமிழை வரைவது உங்கள் உலாவி. குரோமோ ஃபயர்பாக்ஸோ, யூனிகோடு தமிழை முறையாகக் கோக்கத் தெரிந்தவை. ‘கொ’ என்பது கணினிக்குள் ‘க’ என்ற எழுத்தும் அதன்பின் ஒரு உயிர்க்குறியும்தான். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது எழுத்தைக் கோக்கும் மென்பொருளின் வேலை. ‘இறக்கு’ என்று அழுத்தும்போது பி.டி.எஃப். கோப்பைச் செய்வது உலாவி அல்ல, அவர்கள் சர்வரில் இருக்கும் வேறொரு நிரல். அதற்கு இந்தக் கோர்வை தெரியாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், உகரக் குறி எழுத்தோடு ஒட்டாமல் தனியே தொங்கும், ‘ஸ்ரீ’ உடைந்து வரும். எழுத்துருவை மாற்றினாலும் தீராது. அதாவது முன்னோட்டம் சரியாக இருப்பது, கோப்பு சரியாக இருக்கும் என்பதற்குச் சாட்சி அல்ல.

இலவசக் காலத்தில் ஒரே ஒரு கோப்பைத்தான் இறக்க விட்டார்கள். நான்காம் நாள் இறக்கினேன். மேலே சொன்ன அத்தனை கோளாறும் இருந்தன. ‘கோழி’யைக் குழந்தை படிக்க முடியாது. விடைக்குறிப்பில் உயிர்மெய் எழுத்துகள் எத்தனை என்ற கேள்விக்கு 247 என்று விடை. உயிர்மெய் 216. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 சேர்த்தால்தான் 247. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்தது அந்தக் கருவிக்குத் தெரியவில்லை. சரிபார்க்காமல் அச்செடுத்திருந்தால் சரியாக எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் போயிருக்கும்.

இனி, பணம் எப்படி எடுக்கப்பட்டது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

விலைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘மாதம் 550 ரூபாய்’. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், கைப்பேசியில் பெரிதாக்கினால்தான் தெரியும் அளவில், ‘ஆண்டுக்கு ஒருமுறை வசூலிக்கப்படும்’. 550-ஐ 12-ஆல் பெருக்கினால் 6,600. அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 1,188. மொத்தம் 7,788. இந்த எண் விலைப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. பக்கத்திலேயே ஒரு கடிகாரம் பத்து நிமிடத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது, ‘சலுகை முடிகிறது’ என்று. மறுநாள் திறந்தாலும் அதே பத்து நிமிடம்தான்.

7 நாள் இலவசத்தைத் தொடங்க ‘2 ரூபாய் சரிபார்ப்புக் கட்டணம், உடனே திருப்பித் தரப்படும்’ என்றது. 2 ரூபாய்தானே என்று யு.பி.ஐ. பின் எண்ணைப் போடுகிறோம். அங்கே திறப்பது சாதாரணப் பணம் செலுத்தும் திரை அல்ல, ஆட்டோபே அனுமதித் திரை, அதாவது கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுத்துக்கொள்ள ஒப்புதல் தரும் திரை. உச்சவரம்பு 15,000 ரூபாய், எடுக்கும் இடைவெளி ‘கேட்கும்போதெல்லாம்’, முடியும் தேதி பத்து ஆண்டு தள்ளி என்று மூன்று வரி சிறிதாக இருந்தது. 2 ரூபாய்க்காகப் போட்ட அந்தப் பின் எண்தான், பத்தாண்டுக்கு 15,000 வரை எடுத்துக்கொள் என்று போட்ட கையெழுத்து. அந்த 2 ரூபாய் நிமிடத்தில் திரும்பியும் வந்தது. நம்பிக்கை இன்னும் கூடியது.

15,000 என்ற எண் தற்செயல் அல்ல. ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகத் திரும்பத் திரும்ப எடுக்கும் தொகை 15,000 ரூபாய்வரை இருந்தால், முதல்முறை கொடுத்த அனுமதியே போதும், ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி.யோ பின்னோ கேட்க வேண்டியதில்லை. முதலில் 5,000 என்று இருந்ததை 2022 ஜூனில் 15,000 ஆக்கினார்கள். அதே விதியில், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. கொடுத்தார்கள். அதுதான் இன்னும் எரிகிறது. வந்த குறுஞ்செய்தியில் தளத்தின் பெயர் இல்லை, கேள்வியே படாத ஏதோ ஒரு நிறுவனப் பெயர். கடன் விளம்பரங்களுக்கு நடுவே கிடந்தது.

ஐந்தாம் நாளே தளத்தின் அமைப்புகளுக்குள் போய் ‘சந்தா ரத்து’ அழுத்தியாகிவிட்டது. முதல் திரை காரணம் கேட்டது. இரண்டாவது 40 விழுக்காடு தள்ளுபடி தருகிறேன் என்றது. மூன்றாவது திரையின் கடைசிப் பொத்தான் கைப்பேசியில் தெரியவே இல்லை, கணினியில் திறந்த பிறகுதான் தெரிந்தது. அழுத்தியதும் மின்னஞ்சல் வந்தது: ‘உங்கள் ரத்துக் கோரிக்கை பெறப்பட்டது.’ பெறப்பட்டது என்றால் ரத்தாகிவிட்டது என்று பொருள் இல்லையாம், பிறகு சொன்னார்கள். எட்டாம் நாள் காலை ஆறு மணிக்கு 7,788 ரூபாய் போய்விட்டது.

இங்கே எல்லாரும் தவறும் ஒரு விஷயம் இருக்கிறது. தளத்தில் சந்தாவை ரத்து செய்வது வேறு, வங்கிக் கணக்கில் இருக்கும் ஆட்டோபே அனுமதியை நீக்குவது வேறு. செயலியை நீக்கினாலும், கணக்கையே அழித்தாலும், அனுமதி வங்கியில் உயிரோடுதான் இருக்கும். நீங்கள் பின் போட்ட அதே யு.பி.ஐ. செயலிக்குள் போய் ஆட்டோபே பட்டியலில் அதைத் தேடி, ‘நீக்கு’ அழுத்தி, மறுபடி பின் போட்டால்தான் அது சாகும். பணம் எடுப்பதற்கு முன் அதைச் செய்திருந்தால் 7,788 ரூபாயும் கையில் இருந்திருக்கும்.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. அரட்டைப் பெட்டியில் எதைக் கேட்டாலும் ‘உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று ஒரு எண் தந்து மூடிக்கொண்டது. முதல் மின்னஞ்சலுக்கு இரண்டு நாள் கழித்துப் பதில்: இலவசக் காலம் முடிந்த பின் பணம் திருப்ப இயலாது. ஐந்தாம் நாளே ரத்து கேட்ட மின்னஞ்சலை இணைத்து மறுபடி எழுதினால், வேறொரு பெயரில் பதில்: ஒரு கோப்பையாவது இறக்கியிருந்தால் பணம் கிடையாது. எந்தக் கோப்பு? கொம்பும் காலும் சிதறிக் கிடந்த அந்த ஒரே ஒரு கோப்பு! அதைப் படம் எடுத்து அனுப்பியதற்கு, ‘உங்கள் கருத்தைத் தொழில்நுட்பக் குழுவுக்கு அனுப்பியுள்ளோம், நன்றி’ என்றும், இழப்பீடாக 500 ‘கிரெடிட்’ தருகிறோம் என்றும் பதில். உடைந்த தாளை இன்னும் 500 முறை எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு இழப்பீடு என்று பெயரா?

பணம் கைமாற்றிய இடைநிறுவனத்தைக் கேட்டால், வணிகரிடம் கேளுங்கள் என்றது. வணிகர், வங்கியிடம் கேளுங்கள் என்றார். வங்கிக் கிளையில், பின் எண்ணை நீங்கள்தானே போட்டீர்கள், இது மோசடி அல்ல, வணிகத் தகராறு என்று சொல்லி அனுப்பினார்கள். வங்கி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. யாரோ உங்கள் பின்னைத் திருடி எடுத்தால்தான் அது அனுமதியற்ற பரிவர்த்தனை. அதற்கு மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் பொறுப்பு உங்கள்மேல் விழாது. நீங்களே அனுமதி கொடுத்து ஏமாந்தால் அந்தப் பாதுகாப்பு வராது.

பில்லையும் கேட்டுப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னார். ஜி.எஸ்.டி. என்று 1,188 ரூபாய் வாங்கினார்களே, அதற்கு 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணோடு வரி பில் எங்கே? மூன்று முறை கேட்டாயிற்று. வந்தது ‘ரசீது’ என்று தலைப்பிட்ட ஒரு பக்கம், எண் இல்லை. அந்த எண் கிடைத்தால் ஜி.எஸ்.டி. தளத்திலேயே போட்டு நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயரைப் பார்த்துவிடலாம் என்பதால்தான் தர மறுக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட ஏமாற்று வடிவமைப்புகளுக்கான வழிகாட்டுதல்கள் 13 வகை ஏமாற்றுகளைப் பட்டியலிடுகின்றன. அதில் ‘சந்தாப் பொறி’ ஒன்று. இலவசச் சந்தாவுக்காகத் தானியங்கிப் பண எடுப்புக்கு அனுமதி கொடுக்கக் கட்டாயப்படுத்துவது, ரத்து செய்யும் வழியை மறைப்பது, அதைச் சிக்கலாக்குவது எல்லாம் அதற்குள் வருகின்றன. பொய்யாக அவசரப்படுத்தும் கடிகாரமும் தனி வகையாக இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் இந்தச் சொற்களைச் சொல்லித்தான் புகார் பதிவு செய்தேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் ஐந்து லட்சம்வரை என்றால் கட்டணம் இல்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம்.

விரிவாக வழிகாட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சில:

கருவியைச் சோதிக்கும்போது ‘கோழி, கௌதாரி, முறுக்கு, நூறு, தூண், ஸ்ரீ’ என்று ஒரு வரி கொடுத்து, பி.டி.எஃப். இறக்கி, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். இறக்கவே விடவில்லை என்றால் அத்தோடு விடுங்கள்.

2 ரூபாய், 1 ரூபாய் என்று எது கேட்டாலும் பின் போடும் முன் திரையில் உச்சவரம்பு, இடைவெளி, முடியும் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது 2 ரூபாய் அல்ல.

பள்ளிச் செலவுக்கு முதன்மைக் கணக்கை இணைக்காதீர்கள். சம்பளம் வரும் கணக்கை இணைக்கவே இணைக்காதீர்கள்.

ஒவ்வொரு மாணவருக்கும் நிலை பிரித்துத் தருகிறேன், வகுப்புப் பட்டியலை ஏற்றுங்கள் என்று கேட்கும். அந்தப் பட்டியலை ஏற்ற வேண்டாம். பெயர், பிறந்த தேதி, எமிஸ் எண் (கல்வித்துறையின் மாணவர் பதிவு எண்) எதையும் கொடுக்காதீர்கள். 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பிரச்சினை வந்தால் கேள்வி உங்களைத்தான் கேட்பார்கள்.

தாள் தயாரிக்க லிப்ரே ஆஃபீஸ் ரைட்டர் போதும், காசு கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் அடித்து அதிலிருந்தே பி.டி.எஃப். ஆக்கினால் கொம்பு இடம் மாறாது. அறிவியலுக்கு ஃபெட் தளத்தின் உருவகப்படுத்தல்கள், கணக்குக்கு ஜியோஜீப்ரா, பாடத்துக்கு தீக்‌ஷா. இவற்றில் எதிலும் வகுப்பறைக்குப் பயன்படுத்த யாரும் உங்கள் யு.பி.ஐ. பின்னைக் கேட்கப் போவதில்லை.

ஏற்கெனவே அந்த விளம்பரத்தை அழுத்தி 2 ரூபாய் கட்டியவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், மீதியை விடுங்கள். யு.பி.ஐ. செயலியைத் திறந்து, உங்கள் படத்தை அழுத்தி, ஆட்டோபே என்பதற்குள் போங்கள். தெரியாத நிறுவனப் பெயரில் ஒன்று இருக்கும். முதலில் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அதிலுள்ள யு.எம்.என். எண் (அந்த அனுமதிக்கான தனி எண்) புகாருக்குத் தேவைப்படும். பிறகு நீக்குங்கள். ஏழாம் நாள் ஆகிவிட்டது என்றால் இன்று இரவுக்குள் செய்யுங்கள், காலை ஆறு மணிக்கு எடுத்துவிடுகிறார்கள்.