யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரும் வீட்டுக் குளிர்தேநீரும்: ஒரு நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

கடைகளில் போத்தலிலும் பொடியாகவும் விற்கப்படும் ஐஸ் ரீயை நிறுத்திவிட்டு, தேயிலை, பனங்கட்டி, தேசிக்காய், நன்னாரி வேர் ஆகியவற்றை மட்டும் கொண்டு வீட்டிலேயே குளிர்தேநீர் தயாரித்துக் குடிக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. சித்திரை வெயிலிலும், சோளகக் காற்று புழுதியை வாரி இறைக்கும் ஆனி, ஆடி மாதங்களிலும் ஏறத்தாழ நாள்தோறும் இதைச் செய்து வந்ததால், செய்முறைக் குறிப்புகள் பேசாமல் விடும் சில விடயங்களை இங்கே சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். அவற்றுள் முதன்மையானது தண்ணீர். எந்தத் தேயிலை, எந்த இனிப்பு என்பவையெல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கற்பாறையில் தேங்கி நிற்பது. மழைநீர் அப்பாறையின் வெடிப்புகளினூடாக இறங்கி, கீழே உள்ள உப்பு நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனால்தான். பாறையைக் கரைத்துக்கொண்டு வரும் இந்நீரில், அதைக் கடினமாக்கும் கல்சியமும் இருகாபனேற்றும் மிகுதி. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. சுடச்சுடப் பால் விட்டுக் குடிக்கும் தேநீரில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரிவதில்லை. பாலும் சீனியும் அதை மறைத்துவிடுகின்றன. பாலில்லாமல் குளிரவைத்துக் கண்ணாடிக் குவளையில் ஊற்றும்போது எதையும் மறைக்க இயலாது. சாயம் செந்நிறமாக இறங்காமல் மங்கிக் கறுக்கிறது. மேற்பரப்பில் மெல்லிய படலம் உருவாகி, கரண்டியை விட்டால் உடைந்து துண்டு துண்டாகக் குவளையின் ஓரத்தில் ஒட்டுகிறது. தேயிலையின் மணமும் எழுவதில்லை.

இதற்கு நான் கையாண்டு பார்த்த வழிகளுள் மிகச் சிறந்தது மழைநீர். மாரியில், முதல் மழைகள் கூரையைக் கழுவிச் சென்ற பின்னர் பிடித்து, மூடிவைத்து, கொதிக்கவைத்து ஆற்றிய மழைநீரில் போட்ட தேயிலை வேறு எந்த நீரிலும் காணாத தெளிவுடன் இறங்குகிறது. ஆனால் குளிர்தேநீர் தேவைப்படும் காலத்தில் மழைநீர் இருப்பதில்லை என்பதால், கிணற்று நீரை நன்றாகக் கொதிக்கவைத்து, இரவு முழுவதும் அசையாமல் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் மெதுவாக வார்த்து எடுப்பதே எங்கள் வீட்டில் நிலைத்துவிட்ட முறை. கொதிக்கும்போது கல்சியத்தின் ஒரு பகுதி காபனேற்றாகப் பிரிந்து அடியில் படிந்துவிடுவதால் நீரின் கடினத்தன்மை ஓரளவு குறைகிறது. உவர் ஏறிய கிணறாயின் இம்முறை உதவாது, ஏனெனில் உப்பு கொதிப்பதனால் போவதில்லை. அத்தகைய இடங்களில் இருப்பவர்கள் கடைகளில் விற்கும் சுத்திகரித்த குடிநீரைப் பயன்படுத்துவதே நல்லது. அந்நீரில் தேநீர் தெளிவாகவே வரும், ஆனாலும் மழைநீரில் கிடைக்கும் உயிர்ப்பு அதில் இல்லை என்பது என் எண்ணம்.

அடுத்ததாக, குளிர்சாதனப்பெட்டியில் வைத்த தேநீர் கலங்கிப் பாலேறியதுபோல் ஆவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலர் இதைக் கெட்டுவிட்டது என்று கருதிக் கொட்டிவிடுகிறார்கள். சூடாக இருக்கும்போது கரைந்திருக்கும், தேயிலைக்குத் துவர்ப்பைத் தரும் பொலிபீனோல்களும் கஃபீனும் குளிர்ந்ததும் ஒன்றோடொன்று சேர்ந்து நுண்ணிய துகள்களாகப் பிரிவதே இந்தக் கலங்கலுக்குக் காரணம். கொதிநீர் சிறிதளவு விட்டால் அது மீண்டும் தெளிவதைக் காணலாம். சாயம் எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்குக் கலங்கலும் அதிகம். தண்ணீரில் கல்சியம் மிகுந்தால் இன்னும் மோசமாகிறது.

இந்தச் சிக்கலையெல்லாம் பெருமளவு நீக்கியது, சுடுநீரில் சாயம் இறக்காமல் குளிர்நீரிலேயே ஊறவைக்கும் முறையாகும். தெளியவைத்த கொதித்தாறிய நீர் ஒரு லீற்றருக்கு 8 முதல் 10 கிராம் வரை தேயிலையை, அதாவது ஏறத்தாழ 4 தேக்கரண்டி மட்டமாக அள்ளி, கண்ணாடிப் போத்தலில் இட்டு, மூடி, இரவில் குளிர்சாதனப்பெட்டிக்குள் வைத்துவிட்டால், 8 மணித்தியாலம் கழித்துக் காலையில் வடித்தெடுக்கலாம். குளிர்நீர் கஃபீனையும் துவர்ப்பையும் குறைவாகவே பிரித்தெடுப்பதால் நாக்கைப் பிடிக்காத, தானாகவே சிறிது இனிப்புத் தோன்றும் ஒரு தேநீர் கிடைக்கிறது. தெளிவுக்காகவே இம்முறையைத் தொடங்கினேன்; சுவைக்காகத் தொடர்கிறேன். இதில் இனிப்பைப் பாதியாகக் குறைத்தாலும் குறை தெரியாது என்பது பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் தெரியவந்தது. போத்தலை வெயிலில் வைத்துச் சாயம் இறக்கும் முறையை, வெயிலுக்குப் பஞ்சமில்லாத எங்கள் ஊருக்கு ஏற்றதென்று சிலர் பரிந்துரைப்பார்கள். அந்நீர் கிருமிகள் அழியும் அளவுக்குச் சூடேறுவதில்லை. அவை பெருகுவதற்கு இதமான வெதுவெதுப்பில் மணிக்கணக்காக நிற்கிறது. அம்முறையை எவருக்கும் நான் சொல்லமாட்டேன்.

தேயிலையைப் பொறுத்தவரை, எங்கள் கடைகளில் தாராளமாகக் கிடைப்பவை பாலுக்கு நிறம் கொடுக்கும் கடுஞ்சாயத் தூள்கள். கடல் மட்டத்திலிருந்து 600 மீற்றருக்குக் கீழே விளையும் தாழ்நிலத் தேயிலை பாலுக்குச் சிறந்தது. ஆனால் குளிர்ந்தால் கனத்துவிடுகிறது. 1,200 மீற்றருக்கு மேல் விளையும் நுவரெலியா, திம்புல தேயிலைகளே இதற்கு வாய்ப்பானவை. நுவரெலியாத் தேயிலை நன்னாரி சேர்த்தால் அடங்கிப்போகுமளவுக்கு மென்மையானது. திம்புல தேயிலை தேசிக்காய்ப் புளிப்பையும் பனங்கட்டியையும் தாங்கி நிற்கிறது. டஸ்ற் எனப்படும் தூள் எவ்வளவு வடித்தாலும் அடியில் வண்டலாகத் தங்குவதால், உடைத்த இலையான பி.ஓ.பி. (புரோக்கன் ஒரேஞ்ச் பீக்கோ) தரமோ அதனிலும் பெரிய இலையோ வாங்குவது உத்தமம்.

இனிப்புக்குப் பனங்கட்டி என்று முடிவுசெய்வது எளிது. அதைத் தேநீரில் சேர்ப்பதில்தான் பொறுமை வேண்டும். பனங்கட்டி வரும் பனையோலைப் பொதியான குட்டானைப் பிரித்து ஒரு துண்டை நேரே குளிர்ந்த தேநீரில் போட்டால், அரை நாள் சென்றாலும் அது முழுமையாகக் கரைவதில்லை. கரைந்த பங்கு அடியிலேயே தங்கி, முதல் மிடறு சப்பென்றும் கடைசி மிடறு திகட்டுவதாகவும் இருக்கும். பனையிலிருந்து இறக்கும் கருப்பநீர் (பதநீர்) புளிக்காமலிருக்க, அதைச் சேர்க்கும் முட்டியில் சுண்ணாம்பு பூசுவதாலும், பொதுவாகவே பனங்கட்டியில் சிறு துரும்பும் மணலும் இருப்பதாலும், கரைத்த பின் சிறிது மண்டி எஞ்சும். ஆகவே ஒரு லீற்றர் தேநீருக்கு 40 கிராம் பனங்கட்டியைக் கால் கோப்பை நீரில் சூடாக்கிப் பாகாக்கி, பழைய வேட்டித் துணியில் வடித்து, ஆறவைத்து வேறாக ஒரு சிறு போத்தலில் வைத்துக்கொள்கிறோம். அந்தத் துணியை விரித்துப் பார்த்தால் சாம்பல் நிறக் கசடு கோடாகப் படிந்திருக்கும். பாகு சேர்ந்ததும் தேநீரின் நிறம் கபிலமாகக் கறுக்கும் என்பதால், கண்ணுக்குச் செந்நிறமாகத் தெரியவேண்டும் என்று விரும்புபவர்களுக்குப் பனங்கற்கண்டு பொருந்தும். விலையைப் பார்த்தால் அது விருந்தினருக்கு மட்டும்.

தேசிக்காயைக் குடிக்கும் வேளையில்தான் பிழியவேண்டும். பிழிந்தவுடன் கறுத்த தேநீர் தேன் நிறத்துக்கு வெளுப்பது அதன் அமிலத்தால் நிகழ்வது; அதே அமிலம் கல்சியத்தையும் கட்டிப்போடுவதால் மேற்படலம் கரைந்துவிடுகிறது. சாற்றுடன் தோலையும் வட்டமாக வெட்டி ஊறவிடுவது படத்துக்கு அழகாக இருக்கலாம், ஆனால் ஒரு மணித்தியாலத்தில் கசப்பு ஏறிவிடும். நன்னாரி வேரைப் பலர் கொதிக்கவைக்கிறார்கள். அதன் வாசனை ஆவியோடு போய்விடுமாகையால், வேரை இடித்து, கொதித்து இறக்கிய நீரில் போட்டு உடனே மூடிவைத்து, ஆறிய பின் வடித்து அதையே தேநீருடன் கலப்பது மேல். இஞ்சி சேர்த்தும் பார்த்தோம். அது சுடுதேநீருக்கே உரியது. புதினாவைப் பற்றிக் குறைசொல்ல எதுவுமில்லை.

மாமி மட்டும் இன்றுவரை உடன்படவில்லை. "ஆறின தேத்தண்ணிக்கு ஐசும் ஒரு கேடோ?" என்று கேட்டுவிட்டு, வெறுந்தேத்தண்ணியைச் சுடச்சுட ஊற்றிப் பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடிப்பார். மாலை நேரத்துக்கு அவருடைய முறையே சரி என்று எனக்கும் படுகிறது.

வடித்த தேநீர் இரண்டு நாள் வரை நன்றாக இருக்கும். அதற்குப் பின் மணம் போய், தட்டையான சுவையே எஞ்சுகிறது. பாகோ சாறோ சேர்த்துவிட்டால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். 2022 பங்குனியின் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது இரவில் ஊறவைப்பது சாத்தியமற்றுப் போயிற்று. அந்நாட்களில் 12 கிராம் தேயிலையை அரை லீற்றர் கொதிநீரில் 4 நிமிடம் மட்டும் இட்டு வடித்து, மண்கூசாவில் (மண் நீர்ச்சாடியில்) குளிர்ந்த நீரை அதே அளவு விட்டு, உடனேயே குடித்து முடித்தோம். அவசரத்துக்கும், வீட்டில் கூட்டம் கூடும் நாட்களுக்கும் இன்றும் அதே வழிதான். ஐஸ் கட்டி உருகித் தேநீர் நீர்த்துப்போவதைத் தடுக்க, மிஞ்சிய தேநீரையே அச்சில் ஊற்றி உறையவைத்தால் போதும்.

உடல்நலத்தைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்ல நான் விரும்பவில்லை. பனங்கட்டியும் இனிப்புத்தான், நீரிழிவு உள்ளவர்கள் அதை மருந்தாக எண்ணிவிடக் கூடாது. இலங்கையில் 2016 முதல் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி இடப்படுகிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். லீற்றருக்கு 40 கிராம் பனங்கட்டி இட்ட எங்கள் தேநீர், 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 4 கிராம் என்ற கணக்கில், செம்மஞ்சளுக்குள்தான் வருகிறது. பச்சைக்குள் கொண்டுவர 20 கிராமுக்கும் குறைவாக இட வேண்டும். குளிர்நீரில் ஊறவைத்த திம்புல தேயிலை அதையும் தாங்குகிறது. தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதால், குருதிச்சோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சோற்றோடு சேர்த்துக் குடிக்காமல், சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடிப்பது நல்லது.